பிடிக்கும், பிடிக்காது

நம் வீடுகளில் குழந்தையைப் பார்த்து, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்கிற சந்தர்ப்பங்கள் இரண்டுதான். ஒன்று, இலையில் பரிமாறும்போது. மற்றொன்று, தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது. துணிக் கடையில்கூட அது மரியாதைக்காகக் கேட்கப்படுகிற கேள்விதான். குழந்தை ஒரு நிறத்தைச் சுட்டிக் காட்டும். "அதில் அழுக்குத் தெரியும்" என்று சொல்லி அம்மா வேறொன்றை எடுத்து வைத்துக்கொள்வாள்.

தொழில் என்று வந்துவிட்டால் அந்த மரியாதையும் கிடையாது. அங்கே கேள்வி வேறு: "பெரியவனானதும் என்ன ஆகப் போகிறாய்?" இதற்குச் சரியான விடை எது என்பது கேட்கிறவருக்கு முன்பே தெரியும். "டாக்டர்" என்றால் பாட்டி திருஷ்டி கழிப்பாள். "பஸ் டிரைவர்" என்றால் கூடத்தில் இருக்கிற எல்லோரும் சிரிப்பார்கள். இரண்டு முறை அந்தச் சிரிப்பைக் கேட்ட பையன் மூன்றாம் முறை டாக்டராகிவிடுவான். அவனுக்கு பஸ் பிடித்ததா, அதன் ஸ்டியரிங் பிடித்ததா, அல்லது நாலு ஊர் பார்ப்பது பிடித்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை.

இப்படிப்பட்ட தேசத்தில், ஒரு பையனையோ பெண்ணையோ உட்காரவைத்து, "இது உனக்குப் பிடிக்குமா? இது பிடிக்குமா?" என்று பொறுமையாக நூறு தடவை கேட்கிற ஒரு காகிதம் இருக்கிறது என்றால், அதன்மேல் எனக்கு மதிப்பு உண்டாவதில் ஆச்சரியமில்லை. தொழில் ஆலோசனை சொல்கிறவர்கள் பயன்படுத்தும் விருப்ப வினாத்தாளைத்தான் சொல்கிறேன். இதில் மார்க்கு கிடையாது. தவறான விடை என்பதும் கிடையாது. "மரம் இழைப்பது", "நோயாளிக்குக் கட்டுப் போடுவது", "கூட்டத்தில் பேசுவது", "வரவு செலவைச் சரிபார்ப்பது" என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். எதிரே பிடிக்கும், பிடிக்காது, இரண்டும் இல்லை என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் குறி போட வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது திறமையை அளக்கிற சோதனை அல்ல. பாட்டு பிடிக்கும் என்பதற்கும் பாட வரும் என்பதற்கும் உள்ள தூரம், குளியலறையில் பாடுகிற எல்லோருடைய வீட்டாருக்கும் தெரியும். பெற்றோரில் பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "பரீட்சையில் என் மகனுக்கு எஞ்சினீயரிங் வந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு போவதை நான் கேட்டிருக்கிறேன். அவனுக்கு எஞ்சினீயரிங் வரவில்லை. எஞ்சினீயர்களுக்குப் பிடிக்கிற சில காரியங்கள் அவனுக்கும் பிடிக்கின்றன என்று மட்டுமே தெரிய வந்திருக்கிறது.

இந்தக் காரியத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் பாஸ்டன் நகரத்து பிராங்க் பார்சன்ஸ் என்பவர். அவருடைய வாழ்க்கையே ஒரு வேடிக்கை. எஞ்சினீயரிங் படித்தார், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார், வக்கீலானார், பேராசிரியரானார், நகரசபைத் தலைவர் பதவிக்கும் நின்று பார்த்தார். தாம் ஒரு தொழிலில் நிலைக்காதவர்தான் மற்றவர்களுக்குத் தொழில் தேடிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருந்ததுபோல, 1908-ல் பாஸ்டனில் ஒரு தொழில் வழிகாட்டி நிலையத்தைத் திறந்தார். அந்த வருஷமே காலமாகிவிட்டார். அவருடைய புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது. அதில் அவர் சொன்னது மூன்றே விஷயம்: உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார்த்து நிதானமாக யோசி. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த மூன்றைத் தாண்டி யாரும் பெரிதாகப் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன்.

உன்னை அறிந்துகொள் என்றால் எப்படி அறிவது? இங்கேதான் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் எட்வர்டு ஸ்ட்ராங் வருகிறார். 1927-ல் அவர் வெளியிட்ட வினாத்தாளின் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. "நீ வக்கீலாக விரும்புகிறாயா?" என்று கேட்டால் பையன் அப்பா சொல்லிக் கொடுத்ததைச் சொல்வான். ஆகவே ஸ்ட்ராங் என்ன செய்தார் என்றால், ஏற்கெனவே வக்கீல் தொழிலில் நிலைத்திருக்கிறவர்களிடம் போய், உங்களுக்கு எந்தப் பாடம் பிடிக்கும், எந்த விளையாட்டுப் பிடிக்கும், எப்படிப்பட்ட மனிதர்களைப் பிடிக்கும் என்றெல்லாம் நானூற்றுச் சொச்சம் கேள்விகள் கேட்டார். அதே கேள்விகளைப் பொதுவான மனிதர்களிடமும் கேட்டார். எந்தெந்த இடத்தில் வக்கீல்கள் மற்றவர்களிடமிருந்து மாறுபடுகிறார்கள் என்று குறித்து வைத்துக்கொண்டார். இப்படியே டாக்டர்களுக்கு, எஞ்சினீயர்களுக்கு, மற்றவர்களுக்கு. பிறகு பையனுடைய விடைகளை அவற்றோடு ஒட்டிப் பார்த்தால், அவன் மனசு எந்தக் கூட்டத்தோடு சேர்கிறது என்று தெரிந்துவிடும். ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். ஆனால் இங்கே கட்டத்தில் இருப்பவை கிரகங்கள் அல்ல, பையனுடைய சொந்த ருசிகள்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து பிரெடெரிக் கூடர் என்பவர் வேறொரு வழி கண்டார். மூன்று காரியங்களைச் சேர்த்துக் கொடுப்பார். மூன்றில் எது மிகவும் பிடிக்கும், எது சற்றும் பிடிக்காது என்று சொல்லியே தீர வேண்டும், நழுவ முடியாது. விடையை ஊசியால் குத்திக் காட்ட வேண்டும். யோசிக்காமல் குத்துகிறவனைக் கண்டுபிடிப்பதற்கும் அதற்குள்ளேயே உபாயம் வைத்திருந்தார். ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் பிடித்தவனும் எதுவுமே பிடிக்காதவனும் ஒரே மாதிரி குத்திவிட்டுப் போகலாம். எட்டுப் பட்சணத்தில் இரண்டைத் தேர்ந்தெடுத்தவன் பசியுள்ளவனா இல்லையா என்பது அந்தத் தேர்விலிருந்து தெரியாது அல்லவா?

இன்று உலகம் முழுவதும் அதிகமாக வழங்குவது ஜான் ஹாலந்து வகுத்த ஆறு வகைதான். இரண்டாம் உலக யுத்தத்தின்போது அவர் அமெரிக்க ராணுவத்தில், வந்து சேருகிறவர்களை விசாரித்து இன்ன வேலைக்கு இவன் என்று பிரிக்கும் இடத்தில் இருந்தார். ஆயிரம் பேர் ஆயிரம் கதை சொன்னாலும் ஜாடை ஒரு சில தினுசுதான் என்று அங்கே அவருக்குப் பட்டதாம். 1959-ல் அதைக் கட்டுரையாக எழுதினார். கையால் செய்து பார்க்கிறவர், ஏன் என்று துருவுகிறவர், அழகாக ஒன்றைப் படைக்க நினைக்கிறவர், மனிதருக்கு உதவ ஓடுகிறவர், பேசிக் காரியத்தை நடத்துகிறவர், கணக்கும் ஒழுங்கும் பார்க்கிறவர் என்று ஆறு பேர். நம் தெருவிலேயே எண்ணிப் பாருங்கள், கிடைத்துவிடுவார்கள். ஒருவரே முழுக்க ஒரு வகையாக இருப்பதில்லை. அதனால் முதல் மூன்று எவை என்று பார்த்துச் சொல்வார்கள்.

இவ்வளவு சொன்னபிறகு, வினாத்தாள் தானாகச் சுயம்புவாக முளைத்ததல்ல, அதுவும் தன் ஊரையும் தன் காலத்தையும் சுமந்துகொண்டுதான் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்ட்ராங்கின் முதல் தாள் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கு 1933-ல் தனித் தாள் வந்தது. ஆண்களுக்கு நீலம், பெண்களுக்கு ரோஜா நிறம். தொழில் பட்டியலும் வேறு வேறு. பெண்களுடைய பட்டியலில் குடும்பத் தலைவி என்பதும் ஓர் அளவுகோல். ஒரு பெண்ணுடைய மனசு நீலத் தாளில் இருந்த தொழிலோடு ஒத்துப்போனால் அவள் என்ன செய்வது? 1974-ல்தான் இரண்டு தாளையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள். நாற்பது வருஷம் அந்தக் காகிதம், "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டது வாஸ்தவம், எதுவரைக்கும் பிடிக்கலாம் என்பதையும் அதுவே நிறத்தால் சொல்லிக்கொண்டிருந்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். நமக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் ஒரு நேரம் பள்ளியில் படித்துவிட்டு மறு நேரம் வீட்டுத் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகினார். காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். அதே 1953-ல்தான், சென்னைச் சர்வகலாசாலைத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் தலைமையில் இந்திய சர்க்கார் அமைத்த இடைநிலைக் கல்விக் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. பிள்ளைகளின் நாட்டம் அறிந்து வழி சொல்வதற்குப் பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேண்டும் என்று அது சொன்னது. ஒரே ஊர், ஒரே வருஷம். ஒன்று தகப்பன் கையைப் பார்க்கச் சொன்னது. மற்றொன்று பிள்ளையின் மனசைப் பார்க்கச் சொன்னது. கல்கத்தாவில் எஸ். சட்டர்ஜி என்பவர், எழுத்தே இல்லாமல் படங்களைக் கொண்டே ஒரு விருப்பச் சோதனையும் செய்தார். இத்தனை பாஷை பேசும் தேசத்துக்கு அது நல்ல யோசனை.

தகப்பன் கையா, பிள்ளை மனசா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கோவைப் பக்கம் ஒரு சிற்றூரில், நூலக வாரத்துக்காகப் பேசுவதற்கு ஓர் உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். பேச்சு முடிந்ததும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வினாத்தாளைக் கொடுக்கப்போவதாக ஓர் ஆசிரியர் சொன்னார். ஆலோசனை முறையில் பயிற்சி பெற்றவர். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நானும் ஒரு தாளை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறி போட்டேன். எனக்கு முதலில் வந்தது படைப்பு, அதில் அதிசயமில்லை. அதற்கு அடுத்தபடி கணக்கும் ஒழுங்கும் என்று வந்தது. பதிப்பகத்துக் கணக்கைப் பல வருஷம் திரும்பத் திரும்பச் சரிபார்த்த பழக்கமாக இருக்கலாம்.

பிள்ளைகளுடைய தாள்களை வாங்கியதும் ஆசிரியர் கூட்டிக் கழித்து முடிவு சொல்லிவிடவில்லை. ஒவ்வொருவராகப் பக்கத்தில் அழைத்து, சில குறிகளைத் தொட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை எங்கே பார்த்தாய்?"

ஒரு பெண் வந்தாள். "ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்வது" என்பதற்கு எதிரே, பிடிக்கும் என்று போட்டிருந்தாள்.

"இதை எங்கே பார்த்தே, கண்ணு?"

"சினிமாவுலதானுங்க சார்."

"யந்திரங்களைப் பழுது பார்ப்பது" என்பதற்குப் பிடிக்காது என்று இருந்தது. அவள் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறவர் என்பது ஆசிரியருக்குத் தெரியும்.

"இது?"

"அது எங்கூட்டுல தெனமும் பாக்கறதுதானுங்க. நானும் கட்டுவேனுங்க."

"அப்புறம் ஏன் பிடிக்காதுன்னு போட்டே?"

அவள் சற்று விழித்தாள். "அது வேலைங்க சார். வேலையப் போயி பிடிக்குமா பிடிக்காதான்னு கேட்டா என்னங்க சொல்றது?"

இந்தப் பதிலை நான் அன்று முதல் மறக்கவில்லை. ஸ்ட்ராங்கும் கூடரும் ஹாலந்தும் போட்டு வைத்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: மனிதன் தன் வேலையை விருப்பத்தோடு சேர்த்து நினைக்கிறவன் என்பது. இந்தப் பெண்ணுக்கு அப்படி நினைக்கலாம் என்பதே அதுவரை தெரிந்திருக்கவில்லை. வேலை என்பது மழை வெயில் போல. பிடித்தாலும் வரும், பிடிக்காவிட்டாலும் வரும்.

ஆசிரியர், "சரி, கருகிப்போன மோட்டார் ஒண்ணு வருது. என்ன செய்வே?" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தாள். பிரிப்பதற்கு முன்பே வாடையில் தெரிந்துவிடும் என்றாள். எந்தப் பள்ளத்தில் காயில் கருகியிருக்கிறது என்று பார்த்தால், தண்ணீர் இறங்கியதா, பேரிங் தேய்ந்து உரசியதா, கரண்டு ஒரு பக்கம் வராமல் போயிற்றா என்று சொல்லிவிடலாமாம். பழைய கம்பியை அறுத்து எடுக்கும்போதே சுற்றை எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை பிசகினால் மோட்டார் சூடேறும். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் அப்பா பேசமாட்டார், அவளும் பேசமாட்டாள். பத்து நிமிஷம் சொன்னாள். சொல்லும்போது கை தானாகவே காற்றில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கதை எழுதுகிறவன். ஒரு மனிதனுக்கு எது பிடிக்கும் என்பதை அவன் வாய்ச் சொல்லைவிட அவன் கை எங்கே மறந்து நிற்கிறது என்பதைப் பார்த்தே எழுதிப் பழகியவன். அந்தப் பெண்ணுடைய விடை தாளில் இல்லை, கையில் இருந்தது.

ஆனால் ஆசிரியர், "நீ எலெக்ட்ரிகல் எஞ்சினீயர் ஆகு" என்று சொல்லவில்லை. "இந்த வரியை இன்னொரு தடவை படிச்சுப் பாரு" என்று ரப்பரைக் கொடுத்தார். அவள் யோசித்து, குறியை அழித்துவிட்டு, இரண்டும் இல்லை என்ற கட்டத்தில் போட்டாள். அவரும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் அவளுடைய அப்பா அழைத்துப்போக வந்தார். நகக் கண்ணெல்லாம் வார்னிஷ் கறுப்பு. ஆசிரியர் பேச்சை எடுத்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. "சார், கோவிச்சுக்காதீங்க. இந்தக் கரி என்னோட போகட்டுமுங்க. அதுக்குத்தானுங்களே படிக்க வெக்கிறேன்" என்றார்.

இதற்கு எந்த வினாத்தாளிலும் கட்டம் இல்லை. அவர் சொன்னதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு தொழிலில் விருப்பத்தைத் தவிர கூலி இருக்கிறது, மரியாதை இருக்கிறது, முதுகுவலி இருக்கிறது, உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்துப் பேசுகிற வாடிக்கைக்காரன் இருக்கிறான். 1953-ல் எழுந்த எதிர்ப்பு இந்த மாதிரித் தகப்பன்மார்களுடைய மனசில்தான் இருந்தது. மகளுக்கு மோட்டார் பிடிக்கிறது என்று ஒரு காகிதம் சொன்னால், "நீ போன வழியிலேயே உன் மகளும் போகட்டும்" என்று யாரோ மறுபடியும் சொல்வதாகவே அவர் காதில் விழும்.

ஆசிரியர் அதைப் புரிந்துகொண்டவர். "நீங்க சொல்றது நியாயமுங்க. ஆனா கரியில்லாத எடத்துலயும் மோட்டார் இருக்குதுங்களே" என்றார். கோவையில் மோட்டார்களைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கும் கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். "அவளுக்காக இல்லீங்க; நீங்களும் பாத்துட்டு வாங்க." அந்த மனிதர் வெகுநேரம் யோசித்துவிட்டு, போகிறேன் என்று சொன்னார். போய் வந்தார்கள் என்றும், பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள பிரிவை அவள் எடுத்துக்கொண்டாள் என்றும் பின்னால் ஆசிரியர் எழுதியிருந்தார். இது முடிந்த கதையல்ல. அவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பிடித்தல் என்ற நம் சொல்லில் ஒரு விவேகம் இருக்கிறது. கையால் பற்றுவதும் பிடித்தல்தான். மனசுக்கு உகந்து போவதும் பிடித்தல்தான். கையால் ஒரு தடவை பிடித்துப் பார்க்காத ஒன்று மனசுக்குப் பிடித்திருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? ஊரில் ஆராய்ச்சிக்கூடமே பார்க்காத பெண் அதற்குப் பிடிக்கும் என்று போடுகிறாள். நாள் முழுதும் பார்க்கிற மோட்டாருக்குப் பிடிக்காது என்று போடுகிறாள். இரண்டு குறியும் உண்மையாகப் போட்டவைதான். இரண்டுக்கும் விளக்கம் கேட்காமல் எண்ணிக் கூட்டினால், தவறு பெண்ணுடையதும் அல்ல, காகிதத்துடையதும் அல்ல, கூட்டியவருடையது.

அதற்கு மேல் வயசு ஒன்று இருக்கிறது. ஸ்ட்ராங் தம்மிடம் விடை எழுதிய மாணவர்களைப் பதினெட்டு வருஷம் கழித்துத் தேடிப் பிடித்து மறுபடியும் கேட்டுப் பார்த்தவர். 1955-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். கல்லூரி வயசு தாண்டியவர்களுடைய விருப்பங்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன என்பது அவர் கண்டது. பதினைந்து வயசில் அவை இன்னும் அசைந்துகொண்டுதான் இருக்கும் என்பதும் அவர் கண்டதுதான். நாமோ அந்தப் பதினைந்து வயசில்தான், இந்தப் பிரிவா அந்தப் பிரிவா என்று கேட்டு, இரண்டு வருஷத்துக்குக் கதவைச் சாத்துகிறோம். இப்போது கைப்பேசியிலேயே பத்து நிமிஷத்தில் குறி போட்டு, உடனே மூன்று எழுத்தில் முடிவு பெற்றுக்கொள்ளலாம். சௌகரியந்தான். ஆனால் "எங்கே பார்த்தாய்?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. சௌகரியத்தில் விட்டுப் போனது அந்த ஆள்தான்.

ஆகையால் வினாத்தாள் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கேட்கவே கேட்காத வீட்டில் அது ஒன்றாவது கேட்கிறதே! அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், பேச்சுக்கு ஆரம்பமாக எடுத்துக்கொண்டால் போதும். என்னைக் கேட்டால், மூன்று கட்டங்களோடு நாலாவதாக ஒரு கட்டம் போடச் சொல்வேன்: "இன்னும் பார்க்கவில்லை." பிள்ளைகள் வெட்கமில்லாமல் அதில் குறி போடட்டும். அந்தக் கட்டத்தில் எத்தனை குறி விழுகிறதோ, அத்தனை இடத்துக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டிய கடன் பெரியவர்களாகிய நமக்கு இருக்கிறது. அந்தக் கடனைக் கொஞ்சமாவது தீர்த்த பிறகு, "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்போம்.